மறுவாழ்வு முகாம் கணக்கில் கைகொடுக்க வருகிறீர்களா? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தேதியைச் சொல்லித் தொடங்குகிறேன். 07/06/1987.

நீங்களும் நானும் இதை ஜூன் 7 என்று படிப்போம். அமெரிக்க முறையில் அமைத்துவைத்த கம்ப்யூட்டர் ஜூலை 6 என்று படிக்கும். ஒரு மாத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நம் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 தொடங்கி 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் கடுமை. இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாமில் பிள்ளை பெற்ற ஒரு குடும்பத்துக்கு ஜூன் 7-க்கும் ஜூலை 6-க்கும் நடுவில் ஒரு நாடே இருக்கிறது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வேலை செய்கிற ஒரு அமைப்புக்குக் கணக்கு வேலையில் கைகொடுக்கப் போனேன். அங்கே, 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர்களைப் பட்டியல் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. எக்செல் ஷீட்டில் வடிகட்டியதும் ஒரு பெயர்வரிசை வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சந்தேகம். விளிம்பில் இருக்கிறவர்களை மட்டும் அசல் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பால் கவரில் சுற்றிய பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ஜூன் 7. எங்கள் ஷீட்டில் ஜூலை 6. அவர் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை.

பட்டியலைத் திருத்தினோம். பெயர் வழக்கறிஞர் மேசைக்குப் போனது. இந்த வேலையில் ஒரு கட்டம் என்பது ஒரு ஆள் என்று அன்றைக்குப் புரிந்த அளவுக்கு அதற்கு முன் எனக்குப் புரிந்ததில்லை.

மதுரையில் ஐ.டி. வேலையில் இருக்கிறவர்கள், புள்ளியியல் படித்தவர்கள், வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர், "முகாம் மக்களுக்கு ஏதாவது செய்யணும், எனக்குத் தெரிந்தது எக்செல்தான், அதை வைத்து என்ன செய்யலாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நிறையச் செய்யலாம். அவர்களுக்காக எழுதியது இது.

யாரோடு வேலை செய்யப் போகிறோம்

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல அலைகளாகக் கடல் தாண்டி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர்; முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர். 2022 முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்தார்கள்.

2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. அதே சமயத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டமும், பழுதான 7,469 வீடுகளைக் கட்டிக்கொடுக்கும் அறிவிப்பும் வந்தன. நீங்களும் பேச்சில் எழுத்தில் புதிய பெயரையே பயன்படுத்துங்கள். இங்கேயே பிறந்து, மீனாட்சி கோயில் சித்திரைத் திருவிழாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவியின் முகத்துக்கு நேராக 'அகதி' என்று சொல்வது அவளை எப்படிக் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் முகாம் நிர்வாகம் மாநில அரசின் மறுவாழ்வுத் துறை, மாவட்ட ஆட்சியர், வருவாய்த் துறை வழியாக நடக்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம், விரும்பித் தாயகம் திரும்புகிறவர்களுக்கு உதவுகிறது. வேறு நாட்டுப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் ஐ.நா.தான் எல்லாம் நடத்துகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. முகாமில் இருக்கிற எல்லோரும் ஒரே வரலாறு உடையவர்கள் அல்ல. வடக்கு, கிழக்கிலிருந்து வந்த ஈழத்தமிழர்கள் ஒருபுறம். இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் மறுபுறம். பின்னவர்களுக்கு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை தர இரு நாடுகளும் பேசி முடித்த 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் முக்கியம். நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் இந்திய வம்சாவளியினர் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது இவர்கள் விஷயத்தில்தான். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் வந்த தீர்ப்பும் மதுரைக் கிளையிலிருந்து வந்ததுதான். ஆகவே 'பூர்வீக ஊர்', 'பிறந்த இடம்', 'பிறந்த தேதி', 'வந்த தேதி' என்ற நான்கு கட்டங்களைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த தேதியும் ஏன் என்றால், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

நேரே முகாம் வாசலுக்குப் போகாதீர்கள். வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நுழைந்தால் சிக்கல் உங்களோடு நிற்காது. உங்களை வீட்டுக்குள் உட்காரவைத்து டீ கொடுத்த குடும்பத்தையும் விசாரிப்பார்கள். ஏற்கெனவே அனுமதியோடு வேலை செய்கிற அமைப்பு வழியாகப் போவதுதான் முறை. 1984-ல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை, முகாம் மக்களே நடத்தும் அமைப்பு என்பதால் முதலில் சொல்வேன். சுருக்கமாக ஓஃபர் என்பார்கள். இயேசு சபையினரின் ஜே.ஆர்.எஸ். அமைப்பும் முகாம்களில் கல்விப் பணி செய்கிறது. மதுரைக் கல்லூரிகளில் சமூகப்பணித் துறை ஆசிரியர்களைக் கேட்டால் இப்போது யார் எந்த முகாமில் வேலை செய்கிறார்கள் என்று தெரியும்.

கடிதத்தில் பட்டப்படிப்பையும் சான்றிதழ்களையும் அடுக்க வேண்டாம். மூன்று விஷயம் போதும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், எத்தனை மாதம் இருப்பீர்கள், உங்களால் உறுதியாகச் செய்ய முடிந்த வேலை எது. வாரம் நான்கு மணி நேரம், ஆறு மாதம் என்று சொல்லி அதைக் காப்பாற்றுகிறவர், வாரம் இருபது மணி நேரம் என்று சொல்லி மூன்றாம் வாரம் காணாமல் போகிறவரைவிட எவ்வளவோ மேல்.

வெளியே போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தும் செய்யலாம். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் இணையவழிப் பணிகள் உண்டு. ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் வரைந்து கொடுக்கலாம். இதற்கு முன் அனுபவமே தேவையில்லை. ஆனால் பக்கத்தில் ஆனையூர் இருக்கும்போது, டவுன் பஸ்ஸில் போய்ச் செய்யக்கூடிய வேலையை விட்டுவிடாதீர்கள் என்பது என் ஆசை.

என்ன தெரிந்திருக்க வேண்டும்

எக்செல் அல்லது லிப்ரேஆபீஸ், அதில் பிவட் டேபிள் (நீண்ட பட்டியலை வகைவாரியாகக் கூட்டிச் சுருக்கும் அட்டவணை) போடத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை நடக்கும். ஓப்பன்ரிஃபைன் என்று ஒரு இலவச மென்பொருள், ஒரே பெயரின் பல எழுத்துவடிவங்களைத் தேடிப் பிடிக்க உதவும். களத்தில் கேட்டு எழுத கோபோடூல்பாக்ஸ். ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலே பதிந்து, பிறகு அனுப்பலாம், கேள்விகளைத் தமிழிலேயே போடலாம். இடங்களைக் காட்டும் நிலவரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ். பைத்தான் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: நீங்கள் எழுதிய நிரலை நீங்கள் போன பிறகு அங்கே இயக்க ஆளில்லை என்றால், அந்த வேலையை எக்செல்லிலேயே செய்து வையுங்கள். பழகிப் பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் இணையதளத்தில் நாடுவாரிப் புள்ளிவிவரம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவில் இருக்கிற இலங்கைத் தமிழர் எண்ணிக்கை வருடவாரியாக எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். முதல் பயிற்சிக்கு அது போதும்.

ஃபைலைத் திறப்பதற்கு முன்

அமைப்பின் பொறுப்பாளரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தகவல் உங்களிடம் வருகிறது, எதற்கு, எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும், யார் யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள். 2023-ல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கட்டும். இந்த மக்களில் பலருக்கு ஊரில் சொந்தபந்தம் இன்னும் இருக்கிறது. இன்ன கிராமத்திலிருந்து இன்ன வருடம் இன்னார் வந்தார் என்ற ஒரு வரி தவறான கைக்குப் போனால், அதன் விளைவு நீங்களும் நானும் மதுரையில் உட்கார்ந்து கணிக்க முடியாதது.

நான் கடைப்பிடிப்பது இவை. வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவதில்லை, யார் கேட்டாலும். லிங்க் கிடைத்த எல்லோரும் திறக்கிற மாதிரி கூகுள் டிரைவில் போடுவதில்லை. அசல் பெயர்ப்பட்டியல் அமைப்பின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். எனக்கு வருவது பெயருக்குப் பதில் எண் போட்ட பிரதி, அதுவும் பாஸ்வேர்டு போட்டது. பெயரைச் சரிபார்க்கும் வேலை என்றால் அங்கே போய் உட்கார்ந்து செய்கிறேன். ஆதார் எண் கட்டம் இருந்தால், அது இல்லாமல் பிரதி எடுத்துத் தரச் சொல்கிறேன். போட்டோ எடுப்பதில்லை.

முதல் மாதம் பெயர்களோடு

முதல் மாதம் கண்ணைக் கவரும் வரைபடம் எதுவும் வராது. பெயர்களைத்தான் மேய்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த வேலைக்குத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பழைய ஷீட்டைத் திறந்ததும் பெயர் இருக்கும் கட்டத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து புரியாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் மக்களின் பெயர்ப்பட்டியலை யாரோ நடத்தும் இணையப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் இறக்கி, நெட் இல்லாமல் இயங்கும் மாற்றியைத் தேடுங்கள்.

அடுத்தது எழுத்துவழக்கு. ஸ்ரீதரன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் எழுத்தர் ஸ்ரீதரன் என்று எழுதுவார். ஈழத்திலிருந்து வந்த தாளில் சிறிதரன் அல்லது சிறீதரன் என்று இருக்கும். ஆங்கிலத்தில் நாம் D போடும் இடத்தில் அவர்கள் T போடுவார்கள். யோகேஸ்வரி என்றால் நாம் ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு முடிப்போம், அவர்கள் 'ஒய்' போட்டு முடிப்பார்கள். இனிஷியல் இன்னும் சிக்கல். அப்பா பெயர் தங்கராசா என்றால் ஒரு தாளில் த.யோகேஸ்வரி, நம் அலுவலகத் தாளில் டி.யோகேஸ்வரி, அங்கே பழக்கப்பட்டவர் எழுதியதில் ரி.யோகேஸ்வரி. கல்யாணமான பிறகு கணவர் இனிஷியல் வந்து சேரும். நாலும் ஒரே அக்காதான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் கம்ப்யூட்டருக்கு வேறாக இருக்கும். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு குறியாகவும் அடிக்கலாம். யூனிகோடை ஒருமைப்படுத்தும் என்.எஃப்.சி. என்ற முறையை ஓட்டினால் இது சரியாகிவிடும். 'ஸ்ரீ' அதில் சரியாகாது. ஸகரம் வைத்து ஒன்று, தாலவ்ய சகரம் (ஶ) வைத்து ஒன்று என்று அதற்கு இரண்டு குறியீடு உண்டு. அதை நீங்களே தேடி மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தும்போது அசல் கட்டத்தில் கைவைக்காதீர்கள். பக்கத்தில் புதிய கட்டம் போட்டு அதில் திருத்துங்கள். அவர் கொண்டுவந்த தாளில் சிறிதரன் என்றால் அவர் சிறிதரன்தான்; நம் வசதிக்காக அவரை ஸ்ரீதரன் ஆக்க நமக்கு உரிமை கிடையாது. கூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் நம் திருத்தம்.

இரட்டைப் பதிவை மென்பொருள் சொன்னபடியே நீக்கிவிடாதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். பெயர் பெருமளவு ஒத்துப்போய், பிறந்த தேதியும் அப்பா பெயரும் கதவு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விதி எழுதி ஓட்டினேன். தர்சிகன், தர்சிகா என்று அண்ணன் தங்கையாக இரட்டைப் பிள்ளைகள். விதி தங்கையை அழித்துவிட்டது. முகாமிலேயே வளர்ந்த களப்பணியாளர் ஒருவர் பட்டியலை ஒரு முறை ஓட்டிப் பார்த்து, "இந்த வீட்ல பொண்ணு எங்க?" என்று கேட்டதால் தப்பியது. அதிலிருந்து, ஒத்துப்போகும் ஜோடிகளைத் தாளில் அச்செடுத்து அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் டிக் போட்டதை மட்டும் சேர்ப்பேன்.

தேதிக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். கட்டத்தின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். சில தேதி இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் ஆபத்து. 25/06 என்பதை அமெரிக்க முறைக் கம்ப்யூட்டரால் தேதியாக எடுக்க முடியாது, மாதம் பன்னிரண்டுதானே. அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். 07/06 மாறிப்போய், நல்ல தேதி மாதிரி வலப்பக்கம் நிற்கும். தப்பாகிப் போனதுதான் ஒழுங்காகத் தெரியும். அப்படிப் பார்த்தால் அந்தக் கட்டம் முழுவதையும் அசல் தாளோடு ஒப்பிட வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை. இரண்டு இலக்க வருடமும் அப்படித்தான்: '28' என்று அடித்த பாட்டியின் பிறந்த வருடத்தை எக்செல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். இனிமேல் நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 1 என்று நிறையப் பேருக்கு இருந்தால் அது பிறந்தநாள் அல்ல, தேதி தெரியாதபோது எழுதிவைத்தது. அதையும் ஒரு கட்டத்தில் குறித்துவையுங்கள்.

புதிதாகக் கேட்கப் போகும்போது

கேட்பதற்கு முன், ஏற்கெனவே இருப்பதில் கிடைக்குமா என்று பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் நான் போனை எடுத்து முதல் கேள்வி கேட்டதும் ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, இதே கேள்விய எத்தினை பேர் வந்து கேட்டுக்கொண்டு போனவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்காரப் பாயும் போட்டார். அன்று மாலை திரும்பி வந்து நாற்பது கேள்வியைப் பதினாறாகக் குறைத்தோம். பதில் கிடைத்தால் என்ன செய்வோம் என்று சொல்ல முடியாத கேள்வி ஒவ்வொன்றையும் அடித்தோம்.

ஜாதி, கட்சி, போர்க்காலத்தில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைக் கேட்கவே கூடாது. யாராவது தானாகச் சொன்னாலும் பதியாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சொல்லும் முக்கியம். 'பத்தாம் வகுப்பு தேர்ச்சியா?' என்று கேட்டால் அங்கே படித்த பெரியவர்கள் தடுமாறுவார்கள். அவர்கள் படித்தது ஓ.எல்., ஏ.எல். அதாவது சாதாரண தரம், உயர்தரம். பதில் பட்டியலில் இரண்டையும் போடுங்கள். கழிப்பறை என்பதை வயதானவர்கள் மலசலகூடம் என்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளோ நம்மைப் போலவே மதுரைத் தமிழ் பேசுவார்கள். கேள்வித்தாளை ஒரு தாத்தாவிடமும் ஒரு பேத்தியிடமும் படித்துக் காட்டிச் சரிசெய்தால் போதும்.

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆண்கள் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். மழை பெய்தால் வேலையில்லை. 'கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலை கிடைத்தது?' என்றால் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். உடல்குறைபாட்டை 'வீட்டில் ஊனமுற்றோர் உண்டா?' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். உலகம் முழுவதும் பயன்படுகிற வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றிலும் சிரமம் இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்று நான்கு பதில். இந்த ஆறைக் கேட்டால், 'ஊனம்' என்ற சொல்லுக்கு ஒளிந்துகொள்கிறவர்கள் பலர் கணக்குக்குள் வருவார்கள்.

கேட்கப் போவது முகாமின் இளைஞர்களாகவே இருக்கட்டும், அவர்களுக்கு அதற்கான கூலியோடு. போகும் நேரம் ஞாயிறு காலை அல்லது வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பின் மாலை. உதவித்தொகை கொடுக்கும் நாளில் போகவே வேண்டாம். அந்த வரிசையில் நிற்கிறவர், நமக்குப் பதில் சொல்லாவிட்டால் தொகை நின்றுவிடுமோ என்று நினைப்பார்.

தொடங்கும்போது நாங்கள் சொல்வது இது: "அக்கா, நாங்க அரசாங்கத்திலேர்ந்து வரலை. இதுக்குப் பதில் சொல்லலேன்னா உங்களுக்கு வர்ற எதுவும் நிக்காது. சொன்னா புதுசா ஏதாவது வந்துடும்னும் நாங்க வாக்குக் குடுக்கலை. பாதியில நிறுத்தணும்னா நிறுத்திக்கலாம்." இரண்டாவது வரியைவிட மூன்றாவது வரியைச் சொல்லத்தான் மனசு வராது. இரண்டையும் சொல்லுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

அளவுகோலாக, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் என்ற சர்வதேசக் கையேட்டைப் பயன்படுத்துவார்கள். ஒரு ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், ஒரு கழிப்பறைக்கு அதிகபட்சம் 20 பேர், ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம். இதெல்லாம் பேரிடர் நேரத்துக்கான அடிமட்ட அளவு. முப்பது வருடத்துக்கு மேல் ஓர் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை இலக்காக வைக்கக் கூடாது. ஆனால் பேரிடருக்கான அளவைக்கூட எட்டவில்லை என்று காட்டினால் அந்தத் தாளுக்கு வலு உண்டு.

பழைய முகாம் வீடு பத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதுர அடி, அதாவது 9.3 சதுர மீட்டர். நாலு பேர் குடும்பம் என்றால் ஆளுக்கு 2.3. ஒரு வரிக் கணக்கு, ஆனால் அலுவலகத்தில் இதைச் சொன்னால் உடனே புரியும்.

சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். 210 பேருக்கு 8 கழிப்பறை என்றால் ஒன்றுக்கு 26 பேர், கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். நேரில் போய் ஒவ்வொரு கதவையும் திறந்து பாருங்கள். மூன்றில் தண்ணீர் வரவில்லை என்றால் கணக்கு 42 பேர் ஆகிவிடும். மிச்சமுள்ள ஐந்தில் இரவில் விளக்கு எரிவது எத்தனை, உள்ளே தாழ்ப்பாள் இருப்பது எத்தனை என்று பெண்களைக் கேட்டால் இன்னொரு எண் வரும். அந்தக் கடைசி எண்ணைத்தான் அறிக்கையின் முதல் வரியில் எழுத வேண்டும்.

வெளியே கொடுக்கும் அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண் வந்தால் அதை மறைத்துவிடுங்கள். சின்ன முகாமில் '50 வயதுக்கு மேல், தனியாக வாழும் பெண், நடப்பதில் சிரமம்: 1' என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம்.

திருப்பிக் கொடுப்பது

பாய் போட்ட அந்த அம்மா சொன்னதற்கு நாம் செய்யக்கூடிய பதில் இதுதான். கணக்கு முடிந்ததும், நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்புவதற்கு முன்னால், முகாமில் உள்ளவர்களைக் கூட்டிக் காட்டுங்கள். ஏ4 தாளில் பெரிய எழுத்தில், தமிழில், நாலைந்து எண்கள். வட்ட வரைபடம் வேண்டாம். பத்துப் பேர் படம் போட்டு அதில் ஏழு பேருக்கு வண்ணம் அடித்தால் எழுத்துப் படிக்காதவரும் தலையாட்டுவார்.

முதல் முறை அப்படி ஒட்டியபோது ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கடைசி வரிசையில் குழாய் இரண்டு என்று நாங்கள் எழுதியிருந்தோம். "ஒண்டு உடைஞ்சு மூண்டு மாசம்" என்றார். அங்கேயே பேனாவால் அடித்து ஒன்று என்று எழுதினேன். அவர் சொன்ன பிறகு ஒவ்வொருவராக வந்து திருத்தம் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் எங்கள் தாள் முழுக்க மைக்கோடு. திருத்திய அந்தத் தாளை வைத்துத்தான் அமைப்பு மனு எழுதியது.

கிளம்பும்போது

ஆறு மாதம் முடிந்து போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கேயே இருக்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் மௌசைப் பிடிக்க, நீங்கள் வாயால் மட்டும் சொல்லி முழு வேலையையும் ஒரு முறை செய்யவையுங்கள். எங்கே அவர் திக்குகிறாரோ அதைத் தமிழில் எழுதிக்கொடுங்கள். எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது, எந்த எண்ணுக்கு என்ன பொருள், எந்தத் தேதிகள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பது ஒரே தாளில் இருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் லேப்டாப், பென்டிரைவ், மெயிலின் இணைப்புகள், ரீசைக்கிள் பின், போனின் டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் தேடி, உங்களிடம் உள்ள பிரதிகளை அழியுங்கள். அழித்துவிட்டேன் என்று பொறுப்பாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அன்றைய தேதியோடு. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.